மாதச் சம்பளமா, ஒப்பந்த வேலையா?
கணனித் துறையில் தொழில் மாற நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் இன்று அடுப்பெரிவது பிள்ளை ஒருவரின் மாதச் சம்பளத்தினாலேயே. காணி இன்னும் கைக்கு வராதவர்களுக்கும், காணி வந்தும் குளமும் வாய்க்காலும் திருந்தாதவர்களுக்கும் அந்தச் சம்பளம் ஒன்றுதான் நம்பியிருக்கக்கூடிய வருமானம். அவ்வாறு உழைக்கும் பிள்ளைகளுள் ஒரு பகுதியினர் கணனித் துணைச் சேவையில் இருக்கின்றனர். சில வருடங்கள் சென்றபின் அவர்களுள் சிலர், "அம்மா, நான் வேலையை விட்டிட்டு வீட்டில இருந்து ஒப்பந்தத்துக்குப் புரோகிராம் எழுதப் போறன்" என்கிறார்கள். "மாசம் முடியக் காசு வருகுதே, அதை ஏன் விடுவான்?" என்று தாயார் கேட்கிறார். பிள்ளைக்கு விளக்கத் தெரிவதில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் மேலே கேட்கத் தெரிவதில்லை.

கணனி தெரியாது என்பதனால் இவ்விடயத்தில் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. ஒப்பந்த வேலையின் நல்லதும் கெட்டதும் கமத்தின் நல்லதையும் கெட்டதையும் பெரிதும் ஒத்தவை. அதனை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

இரண்டு வேலைகளும் என்ன?

வங்கியிலோ வைத்தியசாலையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கணனி நின்றுவிட்டால், அச்சியந்திரம் தாளை இழுக்காவிட்டால், கடவுச்சொல் மறந்துவிட்டால், இணையத் தொடர்பு அறுந்துவிட்டால் அழைக்கப்படுபவரே துணைச் சேவையாளர். தண்ணீர்ப் பம்பியைத் திருத்துகின்றவரைப் போல, பிறர் செய்த சாதனத்தை ஓடச் செய்வது அவர் வேலை.

நிரலாளர் என்பவர் கணனி செய்யவேண்டியதை அதற்கு விளங்கும் மொழியில் ஒவ்வொரு படியாக எழுதுகிறவர். நெல் வாங்கும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எத்தனை மூடை, என்ன நிறை, எவ்வளவு ஈரம், என்ன விலை, எவ்வளவு கழிவு, முடிவில் யாருக்கு எவ்வளவு காசு என்பதைக் கணக்கிட்டுப் பற்றுச்சீட்டு அடிக்கும்படி கணனிக்குக் கட்டளைகளை எழுதி வைத்தால், அதுவே நிரல். இதனையே புரோகிராம் என்கிறோம்.

இவ்வேலையை ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கும் செய்யலாம்; எவருக்கும் ஊழியராக இல்லாமல், இன்று ஒருவருக்கு, நாளை வேறொருவருக்கு என்று ஒப்பந்தத்திலும் செய்யலாம். ஒப்பந்தத்தில் காசு மூன்று வகையாகப் பேசப்படும்: மணித்தியாலக் கணக்கு, நாட்கணக்கு, முழு வேலைக்கும் ஒரே தொகை.

அழிவு யாருக்கு?

நாட்கூலிக்குப் போனவர் பின்னர் வெள்ளம் வந்து கதிர் அழிந்தாலும் தமது கூலியை வாங்கிவிட்டார், அழிவு வயற்காரருக்கு. குத்தகைக்குக் காணி எடுத்தவருக்கோ விளைந்தால் இலாபம், அழிந்தால் கடன். கணனித் துறையிலும் இதே நியாயந்தான். சம்பளத்தில் உள்ள பிள்ளைக்கு, நிறுவனத்துக்கு வேலை வராத மாதத்திலும் சம்பளம் வரும். ஒப்பந்தக்காரருக்கு வேலை வராத மாதத்தில் ஒன்றும் வராது. முழு வேலைக்கும் ஒரே தொகை பேசி, பத்து நாளில் முடியும் என்று நினைத்த வேலை முப்பது நாள் இழுத்தால், மிகுதி இருபது நாளும் இலவசமே.

ஆகவே, பிள்ளை உங்களிடம் கேட்பது, இதுவரை தொழில் கொடுப்பவர் சுமந்த இழப்பை இனித் தான் சுமக்கலாமா என்பதையே. போகம் தவறினால் வீடு எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

சம்பளத்துக்குள் மறைந்திருப்பவை

சம்பளப் பத்திரத்தில் கைக்கு வரும் தொகையை மட்டுமே நாம் பார்க்கிறோம். இலங்கைச் சட்டம் ஊழியருக்குக் கொடுக்கும் வேறு சிலவும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில் கொடுப்பவர் மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் பூர்த்தி செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை வழங்குகின்றது. கடை, காரியாலய ஊழியருக்குச் சம்பளத்துடன் 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு. ஒப்பந்தக்காரருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். பிள்ளையின் மாதச் சம்பளம் 60,000 ரூபா என்று வைப்போம். தொழில் கொடுப்பவர் செலுத்தும் 12 வீதம் 7,200 ரூபா. 3 வீதம் 1,800 ரூபா. பணிக்கொடை வருடத்துக்கு 30,000 ரூபா, அதாவது மாதத்துக்கு 2,500 ரூபா. இவற்றைக் கூட்டினால் 11,500 ரூபா. எனவே உண்மைச் சம்பளம் 71,500 ரூபா. வீட்டிலிருந்து வேலை செய்தால் இணையம், மின்சாரம், கணனியின் தேய்மானம் ஆகியவை பிள்ளையின் செலவு. அதற்கு 15,000 ரூபா என்று வைத்தால் மாதம் 86,500 ரூபா வேண்டும்.

இதனை எத்தனை நாளால் வகுப்பது? மாதத்தில் 25 நாள் வேலை செய்தாலும் 25 நாளுக்கும் காசு கிடைக்காது. வேலை தேடவும், விலை பேசவும், புதியது படிக்கவும், வரவேண்டிய காசைக் கேட்டு அலையவும் நாட்கள் போகும். காசு கிடைக்கும் நாள் 15 என்று கொண்டால், நாளுக்கு ஏறக்குறைய 5,770 ரூபா பேசினால்தான் பழைய நிலையில் இருக்கலாம். "60,000ஐ 25ஆல் வகுத்தால் 2,400, நான் 3,000 கேட்கிறேன், எனக்கு இலாபம்" என்று எண்ணும் பிள்ளை உண்மையில் நட்டத்தில் இறங்குகிறது. இந்த ஒரு கணக்கை உங்கள் வீட்டு எண்களை வைத்துச் செய்து பார்த்தாலே பல தவறான முடிவுகளைத் தவிர்க்கலாம்.

துணைச் சேவையே பள்ளிக்கூடம்

இதனால் ஒப்பந்த வேலை கூடாதது என்று முடிவுகட்ட வேண்டாம். நல்ல நிரலாளருக்கு அது நல்ல வருமானத்தைத் தரும். ஊரில் இருந்தபடியே உழைக்கலாம். தாய் தகப்பனைப் பார்க்கலாம். சிறுபிள்ளை உள்ள பெண்களும் செய்யலாம். ஆனால் சம்பளத்தில் இருக்கும்போதே அதற்கு நிலம் பண்படுத்த வேண்டும்.

துணைச் சேவையாளரிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒரு முதல் உண்டு. மக்கள் கணனியோடு எங்கே இடர்ப்படுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஒரே முறைப்பாடு கிழமைக்கு ஐந்து தடவை வந்தால், அங்கே எழுதப்படாத ஒரு நிரல் இருக்கிறது என்று பொருள்.

ஆகவே முதற்படி, தாம் கையால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்களை எழுதிப் பழகுவது. பைதன் போன்ற நிரல் மொழிகளுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தின் வழியே இலவச நிரலாக்கப் பயிற்சியும் நடத்துகின்றது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டு, மூன்று மாதத்தில் டொலர் உழைக்கலாம் என்று விளம்பரம் செய்யும் வகுப்புகளுக்கு நகை அடைவு வைக்க முன்னர் இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி, காரியாலயத்தில் பிறருக்கும் பயன்படும் ஒன்றை அனுமதி பெற்றுச் செய்வது. மூன்றாம் படி, வெளியே ஒரு சிறு வேலையை எடுத்து, சொன்ன நாளில் முடித்து, சொன்ன காசை வாங்குவது. நிரல் எழுதுவதிலும் பார்க்கக் காசை வாங்குவதில்தான் பலர் தோற்கிறார்கள். இவ்வாறு இரண்டு மூன்று வேலைகள் முடித்து, ஒரு வாடிக்கையாளராவது இரண்டாம் முறை தாமாகத் தேடி வந்தபின்னரே சம்பளத்தை விடுவதைப் பற்றிப் பேசலாம்.

இங்கே இரு எச்சரிக்கைகள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தம் கடமையின்போது எழுதிய நிரலின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் கொடுப்பவருக்கே உரியது. காரியாலயத்துக்கு எழுதியதை வெளியே விற்க முடியாது. அத்துடன், துணைச் சேவையாளர் கையில் பிறருடைய கடவுச்சொற்களும் தகவல்களும் இருக்கும். வேலையை விட்டபின் அவற்றைக் கொண்டு உள்ளே நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். உதவி செய்யும் எண்ணத்தோடு நுழைந்தாலும் அனுமதி வேண்டும்.

அகதியாக வந்த ஒரு பெண்

வீட்டிலிருந்து ஒப்பந்தத்துக்கு நிரல் எழுதுவது இணையத்தோடு வந்த புதுமை என்று பலர் நினைக்கின்றனர். இணையம் பிறக்குமுன்பே, 1962இல், இங்கிலாந்தில் இதனைத் தொழிலாக அமைத்துக் காட்டியவர் ஸ்ரெபனி சேர்லி என்னும் பெண்மணி. அவரும் இடம்பெயர்ந்தவரே. ஜேர்மனியில் 1933இல் யூதத் தந்தைக்குப் பிறந்த அவர், நாசிகளின் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற ஓடிய புகையிரதங்களுள் ஒன்றில், 1939இல், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அறியாத குடும்பம் ஒன்று அவர்களை வளர்த்தது.

பதினெட்டு வயதில் தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் சிறு உத்தியோகம் ஒன்றில் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு வருடம் படித்துக் கணிதப் பட்டம் பெற்றார். அதன்பின் கணனி நிறுவனம் ஒன்றில் வேலை செய்துவிட்டு, 1962இல் ஆறு பவுண் முதலுடன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தமது ஒப்பந்த நிரலாக்க நிறுவனத்தைத் தொடங்கினார். ஆறு பவுண் எப்படிப் போதும்? அக்காலத்தில் நிரல் பென்சிலாலும் தாளாலும் எழுதப்பட்டது. அவரிடம் வேலை செய்தவர்களுக்கு அறிவும் ஒரு தொலைபேசியும் இருந்தாற் போதும். பிள்ளை பெற்றதால் வேலையை விட்ட படித்த பெண்களையே அவர் சேர்த்தார். முதல் 300 பேரில் ஆண்கள் மூவர் மட்டுமே.

தொடக்கத்தில் ஸ்ரெபனி என்று கையொப்பமிட்ட கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. கணவரின் யோசனைப்படி ஸ்ரீவ் என்று ஆண்பெயரில் கையொப்பமிட்டார். பதில்கள் வரத் தொடங்கின. அவரது நிறுவனம் முழு வேலைக்கும் ஒரே விலை சொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டது. அதற்காக வேலையைச் சிறு துண்டுகளாக்கி அளந்து பார்க்கும் ஒழுங்கு தேவைப்பட்டது. கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல் வேலையையும் இப்பெண்களே செய்தனர். பின்னர் அவர் தமது பங்குகளை ஊழியர்களோடு பகிர்ந்தார். அவர்களுள் 70 பேர் பெருஞ் செல்வர் ஆயினர். 2025இல், 91ஆம் வயதில் அவர் காலமானார்.

இதில் நமக்கு வேண்டியவை மூன்று. சம்பளத்தில் இருக்கும்போதே அவர் படித்தார். அளக்காமல் விலை சொல்லவில்லை. தனியாளாக நின்றுவிடாமல் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டார். ஒரு கிராமத்தில் நான்கு இளைஞர் சேர்ந்தால் ஒருவர் எழுத, ஒருவர் சோதிக்க, ஒருவர் ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்தைப் பார்க்கலாம். ஒருவர் நோயுற்றாலும் வேலை நிற்காது. கூட்டுறவின் பயனை அறிந்த எமக்கு இது புதிய பாடமன்று.

வாய்ப்பேச்சு போதாது

வாய்ப்பேச்சை நம்பிக் காணியில் இறங்கிப் பின்னர் வழக்குப் பேசியவர்கள் எம்மத்தியில் உண்டு. ஒப்பந்த வேலையிலும் எழுத்தே காப்பு. உடன்படிக்கையில் குறைந்தது இவை இருக்கவேண்டும்:

1. என்ன செய்து கொடுப்பது, எது இதில் அடங்காது.
2. எப்போது முடிப்பது, முடிந்தது என்று யார், எப்படி ஏற்பது.
3. எவ்வளவு முற்பணம், மிகுதி எந்தெந்தக் கட்டத்தில்.
4. இடையில் "இதையும் சேர்த்து விடும்" என்றால் மேலதிகக் காசு எப்படி.
5. முடிந்தபின் எத்தனை நாள் பிழைதிருத்தம் இலவசம்.
6. நிரல் யாருக்குச் சொந்தம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டுச் செய்வித்தவருக்கே பொருளாதார உரிமை சேரும்.

முற்பணம் தர மறுப்பவர் முழுப்பணமும் தருவார் என்று நம்புவது கடினம். பெரிய வேலையைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் காசு வந்தபின் அடுத்ததைத் தொடங்கினால், ஏமாற்றப்பட்டாலும் இழப்பு ஒரு துண்டோடு நிற்கும்.

தரகும் வரியும் மின்வெட்டும்

வெளிநாட்டு வேலைகளை இணையச் சந்தைகள் மூலம் பெறலாம். அவை தரகர்களைப் போன்றவை, தரகு எடுக்கும். 2010இல் தொடங்கிய ஃபைவர் என்னும் சந்தை, வேலை செய்தவரின் வருமானத்தில் 20 வீதத்தைக் கழிக்கின்றது. 100 டொலர் வேலைக்கு 80 டொலரே வரும். அங்கே உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் விலையைக் குறைத்துப் போட்டியிடுகின்றனர். தொடக்கத்துக்கு அது உதவும். ஆயினும் நேரே தெரிந்த நான்கு வாடிக்கையாளர் அதனிலும் மேலானவர்கள்.

சம்பளகாரருக்கு வரியைத் தொழில் கொடுப்பவரே கழித்துக் கட்டுவார். ஒப்பந்தக்காரர் தாமே கணக்கு வைத்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி இல்லை. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்காக வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் வரும் வருமானத்துக்கு, அந்த வரம்புக்கு மேல், ஆகக்கூடியது 15 வீதம். அதற்கு முன் இவ்வருமானத்துக்கு இருந்த விலக்கை நம்பிப் பழைய ஆலோசனை சொல்பவர்களை நம்பவேண்டாம். வருகின்ற ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வரிக்கென்றும், ஒரு பங்கை முதுமைக்கென்றும் வேறாக வைப்பது நல்லது. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபை சுயதொழில் செய்வோருக்கான ஓய்வூதியத் திட்டங்களை நடத்துகின்றது. அதனை விசாரித்துப் பாருங்கள்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காரியாலயத்தில் அது முதலாளியின் பிரச்சினை. வீட்டில் அது பிள்ளையின் பிரச்சினை. வேலை தந்தவர் தவணையைத் தள்ளிவைக்க மாட்டார். மின்சேமிப்புக் கருவியும் இரண்டாவது இணையத் தொடர்பும் ஆடம்பரமல்ல. அவை உழவுக்கு மாடு போன்றவை.

இயந்திரமே நிரல் எழுதும் காலம்

2022 நவம்பரில் சட்ஜிபிரி வெளிவந்தது முதல், கேட்டவுடன் நிரல் எழுதிக் கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் பரவிவிட்டன. புதியவர்கள் செய்துவந்த சிறு வேலைகளிற் பல இதனால் மலிந்துவிட்டன. "நிரல் எழுதத் தெரியும்" என்பது மட்டும் இனிப் போதாது. ஆயினும் நெல் நிலையத்தில் ஈரக் கழிவு எப்படிப் போடப்படுகிறது, கணக்காளர் ஏன் மாத இறுதியில் தவறு விடுகிறார், எந்தத் திரையைப் பார்த்துப் பயனாளர் குழம்புகிறார் என்பதை ஆட்களோடு பேசித்தான் அறியவேண்டும். துணைச் சேவையில் கழிந்த வருடங்களின் பெறுமதி இங்கேதான் தெரிகின்றது. இயந்திரம் எழுதியதில் பிழை கண்டுபிடித்துத் திருத்தி, அதற்குப் பொறுப்பேற்கும் ஆளுக்கே காசு கொடுப்பார்கள்.

வீட்டில் இருந்து பேசவேண்டியவை

பிள்ளை இந்த யோசனையோடு வந்தால் கோபப்படாமலும், உடனே தலையாட்டாமலும், ஒரு மாலை இருந்து இக்கேள்விகளைக் கேளுங்கள். ஆறு மாதம் ஒரு சதமும் வராவிட்டால் வீடு எதனால் நடக்கும்? அந்தக் காசு இப்போதே வங்கியில் இருக்கிறதா? சம்பளத்தில் இருந்தபடி வெளியே எத்தனை வேலை முடித்தாய்? எத்தனைக்குக் காசு முழுவதும் வந்தது? திரும்பி வந்த வாடிக்கையாளர் யார்? நாளுக்கு எவ்வளவு கேட்கிறாய், அந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டாய்? சரிவராவிட்டால் எந்தத் திகதியில் மீண்டும் சம்பள வேலை தேடுவாய்?

கடைசிக் கேள்விக்கான பதிலை எழுதி வையுங்கள். திகதி குறிக்காதவர்கள் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று கடனில் ஆழ்வார்கள். சம்பள வேலைக்குத் திரும்புவதில் வெட்கம் இல்லை. புதிய கணனி வாங்குவதற்கென்று காணி உறுதியை அடைவு வைக்க வேண்டாம். எத்தனையோ இடப்பெயர்வுகளில் மார்போடு அணைத்துக் கொண்டுவந்த உறுதிகள் அவை.

இக்கேள்விகளுக்குப் பிள்ளையிடம் பதில் இருந்தால், பயப்படாமல் அனுமதி கொடுங்கள். பதில் இல்லாவிட்டால், விதைநெல் சேரும் வரை இன்னும் ஒரு வருடம் சம்பளத்தில் இருக்கச் சொல்லுங்கள். எப்போது விதைப்பது, எப்போது பொறுத்திருப்பது என்பதை அறிந்தவர்கள் நீங்கள். அந்த அறிவைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.